லேத் பட்டறையில் இருந்து சி.என்.சி.க்கு: இருக்கிற ஆட்களைத் தயார் செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

பத்து, பதினைந்து பேர் வேலை செய்யும் பட்டறைகளுக்காக இதை எழுதுகிறேன். நாகர்கோவில் கோணம் சிட்கோ எஸ்டேட்டில் இருப்பவர் ஆனாலும் சரி, மார்த்தாண்டம் பக்கம் வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு இரண்டு லேத் ஓட்டுகிறவர் ஆனாலும் சரி, கதை ஒரே மாதிரிதான் போகிறது. கடன் வாங்கி ஒரு சி.என்.சி. (கம்ப்யூட்டர் கட்டளைப்படி தானே வெட்டும்) டர்னிங் மெஷின் இறக்குகிறார்கள். விற்றவர்களின் ஆள் வந்து மூன்று நாள் சொல்லிக்கொடுக்கிறார். இருப்பதிலேயே சுறுசுறுப்பான ஒரு பையனை அதில் நிறுத்துகிறார்கள். ஆறு மாதத்தில் அவன் ஓசூருக்கோ கோயம்புத்தூருக்கோ கல்ஃபுக்கோ போய்விடுகிறான், மெஷின் மேல் தார்ப்பாய் விழுகிறது.

நான் இப்படி ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். நாங்கள் செய்வது படகு என்ஜினுக்கான புஷ் (நடுவில் துளையுள்ள உருளை), பம்ப் ஷாஃப்ட், ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலருக்கான உதிரிகள். கடந்த சில வருடங்களில் லேத்தில் இருந்தவர்களையும் ஐ.டி.ஐ. முடித்து வந்தவர்களையும் சேர்த்து பதினோரு பேரை சி.என்.சி.க்குக் கொண்டுவந்திருக்கிறேன். முதல் நான்கு பேரிடம் நான் செய்த தவறு, நேராகத் திரைக்கு முன்னால் நிறுத்தி ப்ரோகிராம் சொல்லிக்கொடுத்தது. பின்னால் வந்தவர்களுக்கு வரிசையை மாற்றினேன்: அளவு, டிராயிங், கணக்கு, மெஷின் செட்டிங், ஆஃப்செட் (டூல் நுனி எங்கே இருக்கிறது என்று மெஷினுக்குச் சொல்லும் எண்), கடைசியில் ப்ரோகிராம். இந்த வரிசையில் போனால் சுமார் மூன்று மாதத்தில் ஒருவரைத் தனியாக ஷிஃப்ட் பார்க்க விடலாம்.

1. யாருக்கு என்ன தெரியும் என்று சுவரில் எழுதுங்கள்

ஒரு சார்ட் பேப்பர் போதும். இடது பக்கம் ஆட்களின் பெயர், மேலே வேலைகள்: வெர்னியர், மைக்ரோமீட்டர், போர் டயல் (துளையின் உள் விட்டம் அளப்பது), டிராயிங் படிப்பது, டூல் தீட்டுவது, திரெட் போடுவது, சி.என்.சி.யில் ஜாப் (வெட்ட வேண்டிய பீஸ்) ஏற்றி இறக்குவது, டூல் ஆஃப்செட் எடுப்பது, ப்ரோகிராம் திருத்துவது. ஒவ்வொரு கட்டத்திலும் 0 முதல் 4 வரை ஒரு எண். தெரியாது என்றால் 0, பக்கத்தில் ஆள் நின்றால் செய்வார் என்றால் 1, தனியாகச் செய்வார் என்றால் 2, தவறு வந்தால் காரணம் கண்டுபிடிப்பார் என்றால் 3, இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுப்பார் என்றால் 4.

இதை ஏன் முதலில் செய்ய வேண்டும்? யாருக்கு எங்கே ஓட்டை என்று தெரியாமல் எல்லாரையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்தால், தெரிந்தவர் சலித்துப்போவார், தெரியாதவர் வெட்கப்பட்டுத் தலையாட்டுவார். இரண்டு பேருமே ஒன்றும் கற்காமல் எழுந்து போவார்கள்.

இங்கே எல்லாரும் விழும் பள்ளம், "மைக்ரோமீட்டர் பார்க்கத் தெரியுமா?" என்று வாயால் கேட்பது. தெரியாது என்று நாலு பேருக்கு முன்னால் யாரும் சொல்ல மாட்டார்கள். கையில் ஒரு ஸ்டீல் பின்னைக் கொடுத்து அளந்து எழுதச் சொல்லுங்கள், பார்த்த பிறகு நீங்களே எண் போடுங்கள். எங்கள் பட்டறையில் வாய்க்கணக்குப்படி ஒன்பது பேருக்கு மைக்ரோமீட்டர் தெரியும். கையில் கொடுத்துப் பார்த்தபோது நான்கு பேருக்குத்தான் தெரிந்தது. அதில் ஒருவர் பேக்கிங்கில் இருந்த பெண், ஐ.டி.ஐ. டர்னர் முடித்தவர். அவரிடம் அதுவரை யாரும் கேட்டதே இல்லை.

2. தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

கருவிகள் அதிகம் வேண்டாம். 0–25, 25–50 மைக்ரோமீட்டர் ஒவ்வொன்று, 0.02 மி.மீ. வெர்னியர் இரண்டு, காந்த ஸ்டாண்டோடு ஒரு டயல், ஒரு போர் டயல். மைக்ரோமீட்டரைச் சரிபார்க்க ஸ்லிப் கேஜ் (துல்லியமான அளவுக் கட்டைகள்) செட் வாங்க முடிந்தால் நல்லது, இல்லையென்றால் 25 மி.மீ. செட்டிங் ராடாவது வேண்டும். பழைய ஆர்டர்களின் டிராயிங் ஒரு இருபது. ஆளுக்கு ஒரு நோட்டு.

நம் குமரி மாவட்டத்தில் கடல் எங்கும் தூரமில்லை. குளச்சல், முட்டம் பக்கம் பட்டறை என்றால் மைக்ரோமீட்டரைத் திறந்து மேஜையில் வைத்த ஒரே மழைக்காலத்தில் அன்வில் முகத்தில் (அளக்கும் பீஸ் தொடும் முகம்) செம்புள்ளி வந்துவிடும். ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமும் நமக்கு உண்டு. ஒவ்வொரு நாளும் துடைத்து, லேசாக எண்ணெய் தடவி, பெட்டியில் மூடி வைப்பது யார் பொறுப்பு என்று ஒரு பெயரை எழுதி வையுங்கள். பெட்டியில் வைக்கும்போது இரண்டு முகமும் ஒட்டாமல் சிறிது இடைவெளி விட்டு வைக்கச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் விட முக்கியமானது நேரம். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், ஷிஃப்டுக்குள், சம்பளத்தோடு. வேலை முடிந்து ஆறு மணிக்கு மேல் வகுப்பு வைத்தேன், இரண்டாம் வாரம் பாதிப் பேர் இல்லை. பஸ் போய்விடும், வீட்டில் பிள்ளைகள், உடம்பு அசதி. காலையில் முதல் மணி நேரம் என்று மாற்றியதும் ஒருவர்கூட வராமல் இருக்கவில்லை.

எந்த மாதத்தில் தொடங்குவது என்பதையும் யோசியுங்கள். கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை, மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சின்னமுட்டம் ஒரு பக்கம், குளச்சலும் தேங்காப்பட்டணமும் மறுபக்கம் என்பதால் இரண்டும் நம்மைத் தொடும். படகெல்லாம் கரையேறும் அந்த மாதங்களில்தான் ஷாஃப்டும் புஷ்ஷும் வந்து குவியும். அப்போது பயிற்சி என்று தொடங்கினால் நடுவில் நின்றுபோகும். நாங்கள் ஆகஸ்ட் இரண்டாம் வாரம் தொடங்குகிறோம்.

3. முதல் இரண்டு வாரம் அளவு மட்டும்

சி.என்.சி. மெஷின் சொன்னதைச் செய்யும். நீங்கள் அதற்குச் சொல்வது, அளந்து வந்த எண்ணை. அளவு 0.03 தப்பினால் மெஷின் அந்தத் தப்பை நூறு பீஸிலும் அச்சு மாறாமல் செய்து அடுக்கிவிடும். லேத்தில் ஒரு பீஸ் கெட்டால் ஒன்றோடு போகும், இங்கே ஒரு ட்ரே முழுக்கப் போகும். அதனால்தான் இதற்கு இரண்டு வாரம்.

பயிற்சி இப்படி. கிரைண்டிங் செய்த ஸ்டீல் பின்கள் ஐந்தை எடுத்து 1 முதல் 5 வரை எண் போடுங்கள். ஒவ்வொருவரும் ஐந்தையும் இரண்டு முறை அளந்து, அடுத்தவருக்குக் காட்டாமல் சீட்டில் எழுத வேண்டும். எல்லாச் சீட்டையும் போர்டில் எழுதுங்கள். முதல் முறை எங்களுக்கு ஒரே பின்னுக்கு வந்த அளவுகளில் பெரியதற்கும் சின்னதற்கும் 0.07 வித்தியாசம். ஒருவரையும் திட்ட வேண்டியிருக்கவில்லை, போர்டைப் பார்த்து அவர்களே பேச ஆரம்பித்துவிட்டார்கள். பத்தாம் நாள் அது 0.01க்குள் வர வேண்டும். வராத வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

வித்தியாசம் வருவதற்குக் காரணங்கள் சில. ஜீரோ பார்க்காமல் அளப்பது. அழுத்தம் அளவாக விழ வைக்கும் ராட்செட்டை விட்டுவிட்டு, சுழலும் திம்பிளையே பிடித்து முறுக்குவது. லேத்தில் பழகிய கை இறுக்கிப் பிடிக்கும். ஓரத்தில் பர் (வெட்டுப் பிசிறு) இருப்பது, எண்ணெய்ப் படலத்தோடு அளப்பது. ஸ்லீவில் அரை மில்லி கோட்டைக் கவனிக்காமல் 24.62ஐ 24.12 என்று படிப்பது.

அப்புறம் சூடு. எங்களிடம் இருபத்தாறு வருடம் லேத் பார்த்த ஒரு மூத்த டர்னர் இருக்கிறார். விரல் நகத்தால் தடவியே ஃபினிஷ் சொல்வார். ஒரு நாள் ஸ்டீல் ஷாஃப்டை 50.00ல் நிறுத்திவிட்டு, சக்கிலேயே (பீஸைப் பிடித்துச் சுழற்றும் பிடி) வைத்து அளந்து என்னிடம் காட்டினார். தொட்டுப் பார்த்தேன், கை வைக்க முடியவில்லை. "அண்ணாச்சி, டீ குடிச்சிட்டு வந்து இன்னொரு தடவ பாப்பமா?" என்றேன். வந்து அளந்தோம், 49.98. மறுபடி ஜீரோ பார்த்தார், மறுபடி அளந்தார், அதே 49.98. மைக்ரோமீட்டரைக் கீழே வைத்துவிட்டு ஷாஃப்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தன வருஷம் இந்த ரெண்டு எங்கயாக்கும் போச்சு மக்களே?" என்று கேட்டார்.

ஸ்டீல் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, சுமார் 0.0115 மி.மீ. நீளும். 50 மி.மீ. விட்டத்துக்கு 30 டிகிரி சூடு ஏறினால் 0.017. பழைய வேலைகளில் அந்த இரண்டு பாயின்ட், அதாவது 0.02 மி.மீ., யாருக்கும் உறைக்கவில்லை, பேரிங் உட்கார்ந்துவிடும். இப்போது வரும் ஆர்டர்களில் மொத்த அனுமதியே 0.013 என்று இருக்கிறது. அதனால் கூலன்ட்டில் (வெட்டும்போது ஊற்றும் குளிர்விக்கும் திரவம்) நனைத்து, துடைத்து, அறைச்சூட்டுக்கு வந்த பிறகு அளப்பதைப் பழக்கமாக்குங்கள்.

4. டிராயிங் படிக்க ஒரு வாரம்

சாம்பிள் பீஸைக் கொண்டுவந்து "இதே மாதிரி அஞ்சு" என்று கேட்கும் வாடிக்கையாளர்கள் நம்மிடம் அதிகம். அதனால் நல்ல டர்னர்கள்கூட டிராயிங் பக்கம் போனதே இல்லை. பழைய டிராயிங்கையும் அதில் செய்த பீஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லிக்கொடுங்கள். வெறும் தாளை வைத்துச் சொன்னால் ஏறாது.

முதலில் பார்க்க வேண்டியது ப்ரொஜெக்ஷன் குறி, அதாவது பக்கத்துப் பார்வையை எந்தப் பக்கம் வரைந்திருக்கிறார்கள் என்று சொல்லும் குறி. நம் நாட்டு டிராயிங் பெரும்பாலும் ஃபர்ஸ்ட் ஆங்கிள், வெளிநாட்டு ஆர்டர்களில் தேர்ட் ஆங்கிள் நிறைய வரும். இதைப் பார்க்காமல் போனால் கீவே (கீ உட்காரும் பள்ளம்) எதிர்ப்பக்கம் விழும்.

அடுத்தது எழுத்தும் எண்ணும் சேர்ந்த டாலரன்ஸ் (அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற அனுமதி). பெரிய எச் போட்டால் துளை, சின்ன எச் போட்டால் ஷாஃப்ட். 25க்குப் பக்கத்தில் பெரிய எச்7 என்றால் துளை 25.000 முதல் 25.021 வரை. சின்ன எச்6 என்றால் ஷாஃப்ட் 25.000 முதல் 24.987 வரை. புதியவர்கள் இரண்டையும் ஒன்றாகப் படித்து ஷாஃப்டை 25.015ல் நிறுத்திவிடுவார்கள், அது உள்ளே போகாது. அடிக்கடி வரும் விட்டங்களுக்கு இந்த அளவுகளை ஒரு தாளில் எழுதி மெஷினில் ஒட்டிவிடுங்கள்.

டாலரன்ஸ் எழுதாத அளவு என்றால் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம் என்று நினைக்கிறார்கள். டிராயிங்கின் மூலையில் ஐ.எஸ்.ஓ. 2768 மீடியம் என்று இருந்தால், 6க்கு மேல் 30 வரை உள்ள நீளத்துக்கு கூட்டியும் குறைத்தும் 0.2, 30க்கு மேல் 120 வரை 0.3. எங்களுக்கு ஒரு லாட் முழுக்கத் திரும்பி வந்தது இதனால்தான். முக்கியமான விட்டமெல்லாம் சரியாக இருந்தது, யாரும் கண்டுகொள்ளாத ஒரு காலர் நீளம் அரை மில்லி கூடியிருந்தது.

5. வேகமும் ஃபீடும்: கணக்கு இரண்டுதான்

லேத்தில் வேகத்தைக் காதால் வைப்பார்கள். அந்தக் காது வீணில்லை, சி.என்.சி.யில் இன்செர்ட் (டூலில் மாற்றிப் போடும் வெட்டு முனை) போய்விட்டதை முதலில் சொல்வதும் அதே காதுதான். ஆனால் மெஷினுக்கு எண்ணாகக் கொடுக்க வேண்டும்.

சுற்று வேகம் கண்டுபிடிக்க, வெட்டும் வேகத்தை 1000ஆல் பெருக்கி, 3.14ஆலும் விட்டத்தாலும் வகுக்க வேண்டும். 25 மி.மீ. மைல்ட் ஸ்டீலை கார்பைடு இன்செர்ட்டில் நிமிடத்துக்கு 120 மீட்டர் வேகத்தில் வெட்டினால் சுமார் 1,530 சுற்று. அதே பீஸை ஹைஸ்பீடு ஸ்டீல் டூலில் 30 மீட்டரில் ஓட்டினால் 380 சுற்றுதான். இதைச் செய்து காட்டாவிட்டால் பழைய கைகள் கார்பைடையும் 400ல் ஓட்டுவார்கள், சிப் (வெட்டிய உலோகச் சீவல்) இன்செர்ட் நுனியில் ஒட்டும், ஃபினிஷ் சொரசொரப்பாக வரும், "இன்செர்ட் மட்டம்" என்று சொல்லிவிடுவார்கள். இன்செர்ட் பெட்டியிலேயே வேகமும் ஃபீடும் அச்சிட்டிருக்கும், அந்தப் பெட்டியைத் தூக்கிப் போடாமல் படிக்கக் கற்றுக்கொடுங்கள்.

இரண்டாவது கணக்கு ஃபினிஷுக்கு. ஃபீடை (ஒரு சுற்றுக்கு டூல் நகரும் தூரம்) அதே ஃபீடால் பெருக்கி, டூல் நுனி ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் மேடு பள்ளத்தின் உயரம் ஏறக்குறைய வரும். 0.8 நுனி, 0.2 ஃபீடு என்றால் சுமார் 6 மைக்ரான். ஃபீடை 0.1 ஆக்கினால் சுமார் 1.5. பாதியாகக் குறைத்தால் கால்வாசி ஆகிறது. இதை ஒரே ராடில் இரண்டு ஃபீடிலும் வெட்டி, நகத்தால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

6. மெஷினைத் தொடும் வரிசை

மெஷின் இடிப்பதெல்லாம் இந்தப் படியில்தான். அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் உடை, கை. கையுறை போட்டுக்கொண்டு சுழலும் சக்கின் பக்கம் போகக் கூடாது. தொங்கும் துப்பட்டா, முழுக்கைச் சட்டையின் பட்டன், கழுத்துக் கயிறு, இதெல்லாம் உள்ளே சொருகி இருக்க வேண்டும். சிப்பைக் கையால் இழுக்கக் கூடாது, கொக்கி வைத்திருங்கள். கதவு இன்டர்லாக்கை (கதவு திறந்தால் மெஷினை நிறுத்தும் ஸ்விட்ச்) யாராவது ஒயர் போட்டு முறித்திருந்தால் பயிற்சியைத் தொடங்கும் முன் அதைச் சரி செய்துவிடுங்கள். முறித்த மெஷினில் பழகிய ஆள் வாழ்நாள் முழுக்க அப்படியே செய்வார்.

பவர் போட்டதும் எண்ணெய் அளவு, கூலன்ட் அளவு, சக் பிரஷர். பிறகு ஹோம் (மெஷினைத் தொடக்கப் புள்ளிக்கு அனுப்புவது). பிறகு ஜாப் பிடிப்பது. மெல்லிய புஷ்ஷை முழு பிரஷரில் பிடித்தால் மூன்று இடத்தில் அமுங்கும், சக்கில் வட்டமாக இருப்பது கழற்றியதும் முக்கோணமாகிவிடும். இதற்கு சாஃப்ட் ஜாவை (வெட்டி வடிவாக்கக்கூடிய சக் பிடி) அந்த விட்டத்துக்கே போர் பண்ணி, பிரஷரைக் குறைத்துப் பிடிக்க வேண்டும். ஒரு புஷ்ஷை வேண்டுமென்றே இறுக்கிப் பிடித்து போர் பண்ணி, கழற்றி, சாஃப்ட் ஜாவில் லேசாகப் பிடித்து, காந்த ஸ்டாண்டு டயலைத் துளைக்குள் தொடவைத்துக் கையால் சுற்றிக் காட்டுங்கள். ஊசி ஆடுவதைப் பார்த்தவர் மறக்க மாட்டார்.

அடுத்து டூல் ஆஃப்செட். முகத்தை லேசாக வெட்டி, இசட் (நீளவாட்டம்) பூஜ்யம் கொடுக்க வேண்டும். வெளி விட்டத்தை லேசாக வெட்டி, எக்ஸை (குறுக்குவாட்டம்) அசைக்காமல் டூலை இசட்டில் மட்டும் விலக்கி, மெஷினை நிறுத்தி, விட்டத்தை அளந்து, அந்த எண்ணை அடித்து மெஷர் பட்டனை அழுத்த வேண்டும். இங்கே வரும் தவறுகள்: அளப்பதற்குள் எக்ஸை நகர்த்திவிடுவது; மூன்றாம் டூலை வைத்துக்கொண்டு இரண்டாம் எண்ணில் பதிவது; வெட்டிய பிறகு அளக்காமல் பழைய ராட் அளவையே அடிப்பது. டூல் எண்ணை வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் பதியுங்கள் என்று விதி வைத்தோம், இரண்டாவது தவறு நின்றது.

புள்ளி. இதற்குத் தனிப் பத்தி வேண்டும். ஃபேனுக் போன்ற பல கன்ட்ரோல்களில், செட்டிங்கைப் பொறுத்து, எக்ஸ்25 என்று புள்ளி இல்லாமல் அடித்தால் 25 மி.மீ. என்று எடுத்துக்கொள்ளாது, 0.025 மி.மீ. என்று எடுத்துக்கொள்ளும். டூல் நேராக மையத்துக்குப் பாயும். 25க்குப் பின்னால் புள்ளி வைத்தே அடிக்க வேண்டும். முதல் வாரம் நோட்டில் எழுதும்போதே புள்ளியைச் சிவப்பு மையில் வைக்கச் சொல்கிறேன்.

புது ப்ரோகிராமை ஓட்டும் முன் இந்த நான்கும்: திரையில் கிராஃபிக்ஸ், ஜாப் இல்லாமல் ஒரு ஓட்டம், சிங்கிள் பிளாக் (ஒவ்வொரு வரியாக ஓட்டுவது), ரேபிட் (வெட்டாமல் நகரும் வேகம்) 25 சதவீதம். ஜாப்போடு முதல்முறை இறங்கும்போது ஃபீடு ஹோல்ட் (நிறுத்தும்) பட்டனில் கையை வைத்துக்கொண்டு, ஜாப்புக்கு முன் டூலை நிறுத்திவிட்டு, திரையில் இன்னும் போக வேண்டிய தூரம் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். 12 மி.மீ. போக வேண்டும் என்று காட்டுகிறது, கண்ணுக்கு டூலும் ஜாப்பும் 3 மி.மீ. இடைவெளியில்தான் இருக்கின்றன என்றால் உடனே நிறுத்திவிடலாம். இந்த ஒரு பழக்கம் எங்கள் டர்ரெட்டை (டூல்கள் மாட்டும் தலை) இரண்டு முறையாவது காப்பாற்றியிருக்கிறது.

இன்னொன்று, ஜி96. விட்டம் குறையக் குறைய சுற்றை ஏற்றிக்கொண்டே போகும் கட்டளை இது. முகம் வெட்டும்போது டூல் மையத்தை நெருங்கினால் சுற்று மெஷினின் உச்சத்துக்கு ஏறும், அந்த வேகத்தில் ஜாவின் பிடி தளரும், கனமான ஜாப் பறந்துவிடும். அதனால் ஜி50 போட்டு உச்சவரம்பு வைக்காமல் ஜி96 எழுதக் கூடாது.

7. முதல் பீஸும் ஆஃப்செட் திருத்தமும்

முதல் பீஸை ஓட்டியவர் அளக்கட்டும், இன்னொருவரும் அளக்கட்டும், இருவரும் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே இரண்டாம் பீஸ்.

திருத்தும் கணக்கில் லேத்காரர்கள் தடுமாறுவதற்கு நல்ல காரணம் உண்டு. நிறைய லேத்களில் கிராஸ் ஸ்லைடு டயலில் 0.02 கொடுத்தால் விட்டத்தில் 0.04 குறையும், அதனால் அவர்கள் கை தானாகவே பாதி போடும். சி.என்.சி. டர்னிங்கில் வழக்கமாக எக்ஸ் விட்டக் கணக்கு. குறைக்க வேண்டியதை அப்படியே கொடுக்க வேண்டும்.

முன்னே சொன்ன 25 ஷாஃப்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 25.000 முதல் 24.987 வரை இருக்கலாம், அளந்தால் 25.03. மேல் எல்லையைக் குறி வைத்து 0.03 குறைத்தால் அடுத்த பீஸ் இன்செர்ட் தேய்மானத்திலேயே வெளியே போய்விடும். நடுவை, அதாவது 24.993ஐக் குறி வைத்து, வேர் (தேய்மான) ஆஃப்செட்டில் 0.037 குறைக்க வேண்டும்.

அந்த எண்ணை அடிக்கும்போது "இன்புட்" பட்டனுக்கும் "கூட்டு" பட்டனுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். முதலாவது பழைய எண்ணை அழித்துப் புது எண்ணை வைக்கும், இரண்டாவது பழையதோடு சேர்க்கும். மாற்றி அழுத்தினால், முன்பு மூன்று முறை செய்த திருத்தமெல்லாம் ஒரு நொடியில் போகும். ஆஃப்செட்டை யார், எப்போது, எவ்வளவு மாற்றினார் என்று மெஷினில் தொங்கும் நோட்டில் எழுதாமல் மாற்றக் கூடாது. அடுத்த ஷிஃப்ட் ஆளுக்கு அந்த நோட்டுதான் கண்.

8. ப்ரோகிராம் இப்போது

இது வரை வந்தவருக்கு ப்ரோகிராம் பயமாக இருக்காது. லேத்தில் கையால் செய்ததை வரிசையாக எழுதுவதுதானே. ஜி00 வேகமாகப் போ, ஜி01 வெட்டிக்கொண்டு போ, ஜி02, ஜி03 வளைவு, எம்03 சுழல், எம்08 கூலன்ட், எம்30 முடிந்தது. முதல் ஐந்து ப்ரோகிராமைத் தாளில் கையால் எழுதி, டிராயிங் மேல் விரலை வைத்து டூல் போகும் வழியைத் தடவிக் காட்டச் சொல்லுங்கள். ஜி71 போன்ற சைக்கிளை (பல வெட்டுகளை ஒரே கட்டளையில் செய்வது) அப்புறம் கொடுங்கள், முதலிலேயே கொடுத்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் போகும். ப்ரோகிராமைத் தானே எழுதித் தரும் கேம் (CAM) மென்பொருள் கடைசி.

ஆங்கிலம் ஒரு தடை என்று நினைப்பவர்களுக்கு: தினமும் திரையில் வரும் சொற்கள் நாற்பதைத் தாண்டாது. ஒவ்வொன்றுக்கும் நேரே தமிழில் என்ன அர்த்தம், அலாரம் வந்தால் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று எழுதி, லேமினேட் பண்ணித் தொங்கவிடுங்கள். ஒன்பதாவது வரை படித்த எங்கள் மூத்த டர்னர் அந்த அட்டையை வைத்தே அலாரம் பார்க்கிறார்.

9. பழையவரையும் புதியவரையும் ஜோடி சேருங்கள்

ஐ.டி.ஐ. முடித்து வரும் பிள்ளைக்குத் திரை கைவந்திருக்கும், உலோகம் தெரியாது. மூத்தவருக்கு உலோகம் தெரியும், திரை தெரியாது. இருவரையும் ஒரே மெஷினில் ஒரு மாதம் விடுங்கள். பட்டனை மூத்தவர் அழுத்த வேண்டும், அளவைப் பிள்ளை எடுக்க வேண்டும் என்று வேலையை மாற்றிக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஆளுக்குத் தெரிந்ததையே செய்துகொண்டு நிற்பார்கள்.

மூத்தவர்களுக்கு ஒரு விஷயத்தை முதல் நாளே சொல்லிவிடுங்கள்: லேத் எங்கும் போகவில்லை. படகின் நீள ஷாஃப்ட், உடைந்து வரும் ஒற்றை பீஸ், வெல்டு நிரப்பித் திரும்ப வெட்டுவது எல்லாம் லேத் வேலைதான். ஒரே பீஸ் முந்நூறு வேண்டும் என்றால்தான் சி.என்.சி. தன்னை வெளியே தள்ளத்தான் இந்த மெஷின் வந்திருக்கிறது என்று நினைக்கிற மனிதர் கற்கவும் மாட்டார், கற்பிக்கவும் மாட்டார்.

10. சான்றிதழும் அரசு வழிகளும்

கோணத்தில் அரசு ஐ.டி.ஐ.யும் அரசு பாலிடெக்னிக்கும் இருக்கின்றன. டர்னர், மெஷினிஸ்ட், ஃபிட்டர் இரண்டு வருடப் படிப்பு, வெல்டர் ஒரு வருடம். தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களை டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து புதிய தொழில்நுட்ப மையங்களாக மாற்றியிருக்கிறார்கள். 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்திலும் தொழில் பயிற்சிகள் உண்டு. ஆள் தேடும்போது மட்டும் போகாமல், ஆசிரியர்களைப் பட்டறைக்கு ஒரு முறை கூப்பிட்டு, உங்கள் டிராயிங்கைக் காட்டி, என்ன தெரிந்த ஆள் வேண்டும் என்று சொல்லிவையுங்கள்.

அப்ரெண்டிஸ் சட்டம் 1961ன்படி 30 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள நிறுவனம் அப்ரெண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும், மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம். 4 முதல் 29 பேர் உள்ள நமக்கு விருப்பம்தான், ஆனால் எடுக்கலாம். 2016ல் வந்த தேசிய அப்ரெண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையின் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் உச்சவரம்போடு, மத்திய அரசு ஏற்கிறது என்று வைத்தார்கள். விண்ணப்பிக்கும் அன்று போர்ட்டலில் நடப்பு விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இருபது வருடம் வேலை தெரிந்தும் கையில் ஒரு தாள் இல்லாதவர்களுக்கு, முன்பே கற்றதை மதிப்பிட்டுச் சான்று தரும் ஆர்.பி.எல். வழி இருக்கிறது. மூத்தவர்களை இதில் அனுப்புங்கள். அந்தத் தாளை ஃபிரேம் போட்டு வீட்டில் மாட்டியவரை எனக்குத் தெரியும்.

அப்ரெண்டிஸை எடுத்துவிட்டு சிப் அள்ளவும் டீ வாங்கவும் மட்டும் வைத்துக்கொள்வது நம் ஊரில் நிறைய நடக்கிறது. அது அந்தப் பிள்ளையின் ஒரு வருடத்தைத் திருடுவது. சுவரில் இருக்கும் சார்ட்டில் அவன் பெயரையும் எழுதுங்கள், மாதம் ஒரு எண்ணாவது ஏற வேண்டும்.

11. கற்றுக்கொண்டு போய்விட்டால்?

எல்லா முதலாளிகளும் கேட்பது இதுதான். போவார்கள். அசல் சான்றிதழை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்வது தீர்வே இல்லை, அப்படிச் செய்யாதீர்கள். ஒரே ஆளுக்குச் சொல்லிக்கொடுத்தால்தான் அவர் போகும்போது மெஷின் நிற்கும். மூன்று பேருக்காவது ஒரு மெஷின் தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் சம்பளத்தை சார்ட்டோடு கட்டுங்கள். ஆஃப்செட் கட்டத்தில் 2 வந்தால் இவ்வளவு, ப்ரோகிராமில் 3 வந்தால் இவ்வளவு, இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்து 4 வந்தால் இவ்வளவு என்று முன்பே எழுதி ஒட்டிவிட வேண்டும். நாங்கள் இப்படிச் செய்த பிறகும் இரண்டு பேர் போனார்கள். ஆனால் கல்ஃபில் இருந்து திரும்பி வந்த ஒருவர் நேராக எங்களிடம்தான் வந்தார்.

மூன்று மாதம் முடிந்ததும் அதே ஐந்து பின்னை எடுத்து, அதே சீட்டுப் பயிற்சியை மறுபடி வையுங்கள். எங்களிடம் கடைசியாக வைத்தபோது ஆறு பேரின் அளவுகளும் 0.01க்குள் நின்றன. மூன்றாம் பின்னுக்கு மட்டும் மூத்த டர்னர் சீட்டில் எதுவும் எழுதவில்லை. கேட்டதற்கு, "இப்பதான் கூலன்ட்ல இருந்து எடுத்தது, ஆறட்டும்" என்றார்.